கைதேர்ந்த ஓட்டுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஓட்டுநர்களே,

இந்த மடலைக் குடித்துவிட்டு வண்டி எடுப்பவர்களுக்காக நான் எழுதவில்லை. உரிமம் கைக்கு வந்த சூட்டோடு நண்பர்களை ஏற்றிக்கொண்டு பறக்கும் இளைஞர்களுக்காகவும் எழுதவில்லை. அவர்களைப் பற்றிச் சட்டமும் செய்தித்தாள்களும் போதுமான அளவு பேசிவருகின்றன. பல ஆண்டுகளாக வண்டி ஓட்டிவருகிற, பெரிய விபத்து எதிலும் சிக்காத, அந்தக் காரணத்தாலேயே "ஸ்டியரிங் என் கையில் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது" என்று மனப்பூர்வமாக நம்புகிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். வேக வரம்பு, முன்வண்டியோடு விட வேண்டிய இடைவெளி, முந்துவதற்கான விதிகள் ஆகியவையெல்லாம் ஓட்டத் தெரியாதவர்களுக்காகப் போடப்பட்டவை என்றும், தெரிந்தவர்கள் இடம் பார்த்து அவற்றைத் தளர்த்திக்கொள்ளலாம் என்றும் நீங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை; ஆனால் ஆக்சிலரேட்டரின் மேல் இருக்கும் உங்கள் கால் அதைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது.

உங்கள் நம்பிக்கைக்கு நீங்கள் காட்டும் சான்று ஒன்றே: இத்தனை ஆண்டுகளில் வண்டியில் ஒரு கீறல்கூட விழவில்லை. அந்தச் சான்று உண்மையானது என்றே எடுத்துக்கொள்கிறேன். அதற்கு உரியவர் நீங்கள் ஒருவர் மட்டும்தானா என்பதுதான் என் கேள்வி.

முதலில், இந்த நம்பிக்கை எவ்வளவு பொதுவானது என்று பார்த்துவிடலாம். 1981இல் ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் ஓலா ஸ்வென்சன், அமெரிக்க மாணவர்களையும் ஸ்வீடன் மாணவர்களையும், ஆய்வில் கலந்துகொண்ட மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தத்தம் ஓட்டும் திறனை மதிப்பிடச் சொன்னார். அமெரிக்க மாணவர்களில் 93 விழுக்காட்டினரும் ஸ்வீடன் மாணவர்களில் 69 விழுக்காட்டினரும் தம்மை மேல் பாதியில் வைத்துக்கொண்டனர். பாதுகாப்பாக ஓட்டுவதில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்டபோது அந்த எண்கள் 88 என்றும் 77 என்றும் வந்தன. எந்தக் கூட்டத்திலும் மேல் பாதியில் பாதிப் பேருக்குத்தான் இடமுண்டு என்பதால், அவர்களில் கணிசமானோர் தம்மைப் பற்றித் தவறாகவே நினைத்திருந்தனர். இதற்கும் முன்பே, 1965இல், பிரஸ்டன், ஹாரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள், மருத்துவமனையில் சேர்க்கப்படும் அளவுக்கு விபத்தில் அடிபட்ட ஓட்டுநர்களிடமும் விபத்தையே காணாத ஓட்டுநர்களிடமும் இதே போன்ற கேள்விகளைக் கேட்டிருந்தனர். இரு தரப்பினரும் தம் திறமைக்கு ஏறக்குறைய ஒரே மதிப்பைத்தான் தந்துகொண்டனர். அடிபட்டவர்களில் பெரும்பாலோரின் விபத்துக்கு அவர்களே பொறுப்பு என்று காவல்துறைப் பதிவுகள் கூறின. ஆக, விபத்துகூட இந்த நம்பிக்கையை அசைக்கவில்லை.

இவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் தமக்குக் கைவந்ததையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். நெரிசலில் புகுந்து புறப்படத் தெரிந்தவர் அதைத் திறமை என்கிறார். வேகம் குறைக்காமல் வளைவில் திரும்பத் தெரிந்தவர் அதைத் திறமை என்கிறார். நிதானமாகச் செல்பவர் நிதானத்தையே சொல்கிறார். தாமே வினாத்தாளை எழுதித் தாமே திருத்திக்கொள்ளும் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்காதவர் யார்?

இந்த மதிப்பீட்டைச் சாலையாவது திருத்தியிருக்க வேண்டும். அது திருத்துவதில்லை. சாலையில் தவறுக்கும் அதன் விளைவுக்கும் இடையே உள்ள பிணைப்பு மிகவும் தளர்வானது. நூறு முறை தவறாக முந்தியவர் நூறு முறையும் வீடு வந்து சேரலாம், அப்படிச் சேர்ந்த ஒவ்வொரு முறையையும் அவர் மனம் திறமையின் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளும். மயிரிழையில் தப்பியதுகூட எச்சரிக்கையாகப் பதியாமல் சாதனையாகவே பதிகிறது.

அத்தகைய ஒரு முந்தலைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலை. உங்களுக்கு முன்னால் ஒரு லாரி 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. எதிரே தொலைவில் ஒரு கார் தெரிகிறது. போதுமான இடம் இருப்பதாகக் கணித்து நீங்கள் வெளியே எடுக்கிறீர்கள். நீங்கள் 90இலும் எதிரே வருபவர் 80இலும் வருகிறீர்கள் என்றால், இரு கார்களுக்கும் இடையே உள்ள தூரம் விநாடிக்கு ஏறக்குறைய 47 மீட்டர் வீதம் குறைகிறது. லாரியைக் கடந்து உங்கள் தடத்துக்குத் திரும்ப ஆறு விநாடி ஆகுமென்றால் 280 மீட்டருக்கு மேல் கரைந்துவிடும். அந்தத் தொலைவில் எதிரே வரும் வண்டியின் வேகத்தைக் கண்ணால் அளப்பது எவருக்கும் கடினம். நேராக நம்மை நோக்கி வரும் பொருளின் வேகத்தை, அதன் உருவம் எவ்வளவு விரைவாகப் பெரிதாகிறது என்பதைக் கொண்டே பெரிதும் உணர்கிறோம். தொலைவில் இருக்கும்வரை அந்த உருவம் பெரிதாவதே தெரியாது, தெரியத் தொடங்கும்போது மிகக் குறைந்த நேரமே மிஞ்சியிருக்கும். கார் வருவதற்கே இப்படியென்றால், குறுகிய உருவம் கொண்ட மோட்டார் சைக்கிள் வரும்போது கணிப்பு இன்னும் மோசமாகத் தவறும்.

நான்காவது விநாடியில் என்ன நடக்கிறது? எதிரே வருபவர் ஹெட்லைட்டை அடிக்கிறார். உடனே பிரேக்கை மிதித்து, தார்ச்சாலையின் விளிம்பைத் தாண்டி மண்ணில் ஒரு சக்கரம் இறங்கும் அளவுக்கு ஒதுங்குகிறார். லாரி ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் உங்களைப் பார்த்துவிட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார். அதனால் அவருக்கு முன்னால் ஒரு கார் நுழையும் அளவுக்கு இடம் விரிகிறது. நீங்கள் அதில் நுழைந்துகொள்கிறீர்கள். உங்கள் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவரின் கால், பிரேக் எதுவும் இல்லாத வெறுந்தரையை அழுத்திக்கொண்டிருக்கிறது; கை கதவுக்கு மேலே உள்ள பிடியில் இருக்கிறது. நீங்கள் சிரித்தபடி, "பயந்துட்டீங்களா? எல்லாம் கணக்குப் பண்ணித்தான் எடுத்தேன்" என்கிறீர்கள்.

அந்தக் கணக்கில் மற்ற இருவரின் பிரேக்கும் சேர்ந்திருந்தது. அதைச் சேர்க்க நீங்கள் அவர்களிடம் அனுமதி கேட்கவில்லை. அது சேர்ந்தது உங்களுக்குத் தெரியவும் இல்லை. அந்த முந்தலில் விபத்தைத் தவிர்த்தவர்கள் இருவர், பெயர் வாங்கிக்கொண்டவர் மூன்றாமவர். மண்ணில் இறங்கியவர் அன்று இரவு வீட்டில் அதைச் சொல்லிப் பதறக்கூடும். நீங்களோ அடுத்த கிலோமீட்டரைத் தொடுவதற்குள் மறந்திருப்பீர்கள். கீறல் விழாத உங்கள் ஆண்டுகளில் இப்படி எத்தனை பேரின் ஒதுங்கல்கள் கலந்திருக்கின்றன என்பதை எண்ணிச் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

இதிலிருந்து எழும் கேள்வி ஒன்றை நீங்கள் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். எதிரே வருபவரும் உங்களைப் போலவே கைதேர்ந்தவராக, "அவன் ஒதுங்குவான்" என்று உறுதியாக நம்புபவராக இருந்தால் என்ன ஆகும்? உங்கள் ஓட்டும் முறை பலிப்பதற்கு, சாலையில் உள்ள மற்றவர்களில் பெரும்பாலோர் அந்த முறையைப் பின்பற்றாதிருக்க வேண்டும். நீங்கள் எந்த "அரைகுறை" ஓட்டுநர்களைப் பார்த்து ஹாரன் அடிக்கிறீர்களோ, தயங்கித் தயங்கி இடைவெளி விட்டுச் செல்கிற அவர்களே உங்கள் திறமையைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள்.

"என் பிரேக் பிடிக்கும் வேகம் உங்களுக்குத் தெரியாது" என்று நீங்கள் சொல்லலாம். வேகத்தைப் பற்றிய கணக்கில் திறமைக்கு உள்ள இடம் மிகச் சிறியது. ஒரு குழந்தை திடீரெனச் சாலைக்குள் ஓடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கண்டு, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகிறது. இது விழிப்போடு இருப்பவருக்கே ஆகும் நேரம். 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் அந்த ஒரு விநாடியில் 14 மீட்டர் ஓடி, பிறகு நல்ல காய்ந்த சாலையில் இன்னும் ஏறத்தாழ 14 மீட்டர் ஓடி நிற்கும். அதே இடத்தில் 60இல் வந்த கார், பிரேக் பிடிக்கத் தொடங்கும்போதே ஏறக்குறைய 17 மீட்டர் கடந்திருக்கும். முதல் கார் முழுமையாக நின்றுவிட்ட புள்ளியை அது இன்னும் 40 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். பத்து கிலோமீட்டர் வித்தியாசம்தானே என்று நினைத்தது, குழந்தைக்கு முன்னால் வந்து சேரும்போது 40 ஆகிவிடுகிறது. வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பது பள்ளிப் பாடம். அதை ஸ்டியரிங் பிடிக்கும் லாகவத்தால் மாற்ற முடியாது. ஊடே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பத்து கிலோமீட்டர் பயணத்தை 50இல் சென்றால் 12 நிமிடம், 60இல் சென்றால் 10 நிமிடம். நடுவில் ஒரு சிக்னல் சிவப்பாக விழுந்தால் அந்த இரண்டு நிமிடத்தில் பெரும்பகுதி போய்விடும்.

சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு ஏறக்குறைய 4 விழுக்காடு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அதே நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் உலகெங்கும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நடந்து சென்றவர்கள், சைக்கிளில் சென்றவர்கள், இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இரும்புக் கூட்டுக்குள் இருப்பவரின் தன்னம்பிக்கைக்குக் கூட்டுக்கு வெளியே இருப்பவர் விலை கொடுக்கிறார் என்பதால்தான், இது உங்கள் சொந்த விஷயம் என்று சொல்லி என்னால் விலகிக்கொள்ள முடியவில்லை.

இனி, உங்கள் வாதத்தின் வலுவான பகுதிக்கு வருகிறேன். திறமை உள்ளவர் இக்கட்டில் வண்டியை நன்றாகக் கையாள்வார் என்பது பொய்யில்லை. ஆனால் அந்தத் திறமை எங்கே செலவாகிறது என்று பாருங்கள். 1974இல் வில்லியம்ஸ், ஓ'நீல் ஆகிய இருவரும் அமெரிக்காவில் பந்தய உரிமம் பெற்ற கார் ஓட்டுநர்களின் சாதாரணச் சாலைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தனர். வண்டியைக் கையாள்வதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை; ஆனால் பொதுச் சாலையில் விபத்துகளும் வேக மீறல்களும் மற்ற ஓட்டுநர்களைவிட அவர்களுக்கே அதிகமாக இருந்தன. அவர்கள் அதிகத் தூரம் ஓட்டுபவர்களாக இருந்திருக்கலாம் என்று மறுப்போர் உண்டு. அதை ஒப்புக்கொண்டாலும், கையாளும் திறன்தான் விபத்தைத் தடுக்கிறது என்ற கருத்துக்கு அந்தப் பதிவுகளில் ஆதரவு இல்லை.

1980களில் மியூனிக் நகரத்து டாக்சிகளில் ஒரு பகுதிக்கு மட்டும் ஏ.பி.எஸ். பிரேக் பொருத்திப் பார்த்தார்கள். சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அந்தக் கருவி விபத்துகளைக் குறைக்கும் என்பதே எதிர்பார்ப்பு. எண்ணிக்கை சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. நல்ல பிரேக் இருக்கிறது என்று தெரிந்த ஓட்டுநர்கள் இன்னும் முரட்டுத்தனமாகத் திரும்பினார்கள், முன்வண்டியை இன்னும் நெருங்கிச் சென்றார்கள். நார்வேயில் வழுக்கும் சாலைகளில் வண்டியைக் கட்டுப்படுத்தப் பயிற்சி அளிக்கப்பட்ட இளம் ஆண் ஓட்டுநர்கள், அதே வழுக்கும் சாலைகளில் முன்பைவிட அதிகமாக விபத்துக்குள்ளானார்கள். ஸ்வீடனில் நில்ஸ் பெட்டர் கிரெகர்சன் 1996இல் வெளியிட்ட சோதனை இதைவிட நுணுக்கமானது. ஓட்டப் பழகுபவர்களில் ஒரு குழுவுக்கு வழுக்கும் தரையில் பிரேக் பிடித்து விலகிச் செல்லும் திறனைக் கற்பித்தார். மற்றொரு குழுவுக்கு அந்தத் திறன் எவ்வளவு எளிதில் கைவிட்டுவிடும் என்பதை உணர்த்தினார். பிறகு சோதித்தபோது இரு குழுவினரும் ஒரே அளவில்தான் செய்தனர். திறன் கற்றவர்கள் மட்டும் தம்மை உயர்வாக மதிப்பிட்டிருந்தனர். அதாவது, பயிற்சி அவர்களுக்குக் கொடுத்தது நம்பிக்கையை மட்டுமே.

உயர்நிலைப் பயிற்சி பெற்ற காவல்துறை ஓட்டுநர்களை வைத்து பிரிட்டனில் 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வும் உண்டு. தேர்ச்சி வந்தால் தன்னைப் பற்றிய மிகைமதிப்பு குறையுமா என்று பார்த்தார்கள், குறையவில்லை. தேர்ந்தவர்களும் தேர்ந்தவர்களிடையே தாம் மேலானவர்கள் என்றே எண்ணினார்கள். எனவே, "நான் உண்மையிலேயே நன்றாக ஓட்டுபவன், இந்த மடல் எனக்குப் பொருந்தாது" என்று நீங்கள் இப்போது நினைத்தால், அந்த நினைப்பை வைத்து நீங்களும் எதையும் முடிவு செய்ய முடியாது.

செல்பேசியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. கனடாவின் ரெடல்மையரும் டிப்ஷிரானியும் 1997இல் காட்டியபடி, பேசிக்கொண்டே ஓட்டும்போது மோதலுக்கான வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசும் கருவியால் அந்த ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. "எனக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வரும்" என்பவர்களுக்காக ஒரு தகவல்: 2010இல் யூட்டா பல்கலைக்கழகத்தின் வாட்சனும் ஸ்ட்ரேயரும் 200 பேரைச் சோதித்தபோது, பேச்சினால் ஓட்டும் தரம் சற்றும் குறையாதவர்கள் 2.5 விழுக்காட்டினரே. அதே பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று ஆண்டுகள் கழித்து வந்த மற்றோர் ஆய்வில், ஒரே நேரத்தில் பல வேலைகளை அதிகமாகச் செய்பவர்களே அதை மிக மோசமாகச் செய்பவர்களாகவும் இருந்தனர்.

உறக்கமும் அப்படித்தான். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் தடுமாற்றத்துக்கு ஒப்பானது என்று 1997இல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் இருவரும் அளந்து காட்டினர். இரவெல்லாம் ஓட்டியே வந்துவிட்டேன் என்று பெருமையோடு சொல்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

உங்கள் அனுபவத்தை நான் துச்சமாக மதிப்பதாக எண்ண வேண்டாம். புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு முதல் சில மாதங்களில் ஏற்படும் விபத்துகள் அதன்பின் வேகமாகக் குறைகின்றன என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. அனுபவம் எதையோ கற்றுத்தருகிறது. ஆனால் அது கற்றுத்தரும் பயனுள்ள பாடம் கைக்கு உரியதைவிடக் கண்ணுக்கு உரியதாகவே இருக்கிறது. நிறுத்தியிருக்கும் பேருந்தின் அடியில் நகரும் கால்களைப் பார்ப்பது, ஓரமாக நிற்கும் காரின் சக்கரம் லேசாகத் திரும்பியிருப்பதைக் கவனிப்பது, பந்து உருண்டு வந்தால் பின்னால் ஆள் வரும் என்று எதிர்பார்ப்பது, இப்படி ஆபத்து உருவாகும் முன்பே அதை ஊகித்துக் காலைத் தளர்த்துவதுதான் விபத்தோடு நேரடியாகத் தொடர்புடைய திறன். பிரிட்டன் 2002இல் தன் உரிமத் தேர்விலேயே இந்த ஊகிக்கும் திறனைச் சோதிக்கும் பகுதியைச் சேர்த்தது. இந்தத் திறன் மிகுந்தவரின் ஓட்டத்தில் பார்க்கச் சுவையான எதுவும் இருக்காது. சடன் பிரேக் இல்லை, கிறீச்சிடும் டயர் இல்லை, கடைசி நொடித் தப்பிப்பும் இல்லை. கடைசி நொடியில் தப்பித்த கதைகள் உங்களிடம் நிறைய இருக்குமானால், அவற்றைத் திறமைக்குச் சான்றாகச் சொல்வதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

மெதுவாகச் சென்று பாதையை அடைப்பவர்களும் ஆபத்தானவர்களே என்று நீங்கள் சொல்வீர்கள். வேகத் தடத்தை விட்டு நகராமல், பின்னால் வரிசை சேர்வதைக் கண்ணாடியில் பார்க்காமல் ஊர்பவர்மீது எனக்கும் எரிச்சல் உண்டு. ஆனால் அவர் செய்யும் தவறு உங்கள் காரை அவருடைய பின்பம்பருக்கு மூன்று மீட்டர் அருகில் கொண்டுபோய் வைப்பதற்கு உரிமை தருவதில்லை.

உங்களிடம் நான் கேட்பவை கடினமானவை அல்ல. முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்த பின் நீங்கள் அதே கம்பத்தை அடைய இரண்டு விநாடியாவது ஆகட்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது 44 மீட்டர், மழையில் அதற்கும் மேல். அந்த இடைவெளியில் வேறொருவர் வந்து நுழைந்துகொள்வார் என்பது உண்மைதான். நுழையட்டும், நீங்கள் மீண்டும் இடைவெளி விட்டுக்கொள்ளுங்கள், அதற்கு ஆகும் செலவு சில விநாடிகள். திடீர் பிரேக் பிடிக்க நேரும் ஒவ்வொரு முறையும், தவறு யாருடையதாக இருந்தாலும், நான் எங்கே முன்கூட்டிக் கவனித்திருக்கலாம் என்று உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள். எதிரே வருபவர் ஹெட்லைட் அடித்தாலோ ஓரம் இறங்கினாலோ, அது உங்கள் முந்தலைப் பற்றிய தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். சாலை உங்களுக்குத் தரும் மிகச் சில தீர்ப்புகளில் அதுவும் ஒன்று.

உங்கள் ஓட்டத்தை அறிந்தவர்கள் வேறு எங்கும் இல்லை, உங்கள் காருக்குள்ளேயே இருக்கிறார்கள். பக்கத்து இருக்கையில் வழக்கமாக அமர்பவரிடம், வண்டி நின்றிருக்கும்போது, எந்தெந்த இடத்தில் அவருக்கு அச்சமாக இருக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை விளக்கம் சொல்லாதீர்கள். அவருக்கு ஓட்டத் தெரியாது என்பதை ஒரு பதிலாக வைக்காதீர்கள்; உங்கள் திறமையில் அவருக்குப் பங்கில்லாததால்தான் அவர் சொல்வதற்கு மதிப்பு. இனி ஓடும் வண்டியில் அவர் "கொஞ்சம் மெதுவா" என்று சொன்னால், முதலில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்களோடு அதே சாலையில் செல்லும் ஒருவன்